படம்பிடிப்பதா, வரைவதா: விளக்கக் காணொளித் தொழிலில் எங்கள் தேர்வு

கோத்தகிரியில் நானும் மனைவியும் மகளும் சேர்ந்து விளக்கக் காணொளிகள் தயாரிக்கத் தொடங்கியபோது, கேமராவில் படம்பிடிப்பதா, கணினியில் வரைந்து அனிமேஷன் செய்வதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டையும் செய்து பார்த்தபின் வரைவதையே தொழிலாகக் கொண்டோம்.

கேமராவின் சிறப்பு தெரிந்ததுதான்: வேலை சீக்கிரம் முடியும், மனித முகம் நம்பிக்கை தரும். இங்குள்ள ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது ஒரு தொல்லை. வரைவதற்கோ பிளெண்டர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது; ஆனால் ஒரு நிமிடக் காட்சிக்கு எங்களுக்குப் பத்து நாள் வரை ஆகிறது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது திருத்தம்தான். 2024 தொடக்கத்தில் ஒரு தங்கும் விடுதிக்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக வந்து சேரும் முறையை, உரிமையாளரையே பேசவைத்துப் படம்பிடித்துக் கொடுத்தோம். அந்த மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்க்க மீண்டும் படம்பிடித்தோம். முன்பு வெயிலில் நின்று பேசியவர் இப்போது மூடுபனியில் நின்றார், குரலின் ஏற்ற இறக்கமும் மாறியிருந்தது, ஒட்டிய இடம் அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில் முழுவதையும் எங்கள் செலவிலேயே வரைந்து கொடுத்தோம். 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வந்தபோது, சோதனைச்சாவடிக் காட்சியில் ஒரு பலகையை மட்டும் மாற்றினோம். தகரக் கூரையில் மழைச் சத்தம் ஓய்ந்த பின்னிரவில், மகள் கம்பளிக்குள் மைக்கை வைத்துக்கொண்டு வரம்பைச் சொல்லும் ஒரு வாக்கியத்தை மட்டும் பேசிப் பதிவு செய்தாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிக் கோப்பாகச் சேமிக்கும் வழக்கம் இருந்ததால், அரை நாளில் வேலை முடிந்தது.

கேமராவில் நாங்கள் முடித்தவை நான்கே வேலைகள்; பெரிய குழுவோடு படம்பிடிப்பவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் தொட்டியில் அது வாடித் துவள்வதைக் காட்ட இன்றும் கேமராதான் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அத்தகைய வேலை வந்தால் படம்பிடிக்கிறோம். ஆனால் விலை, தேதி, விதி எதையும் பேசுபவர் வாயால் சொல்லவிடாமல், தனித் திரையில் எழுத்தாகவே வைக்கிறோம்.