வெலிமடையில் நம்பி விதை வாங்க ஒரு கடை

குளிர் பிரதேசம்தானே என்று எங்கள் பக்கத்துக் கடைகள் பலவற்றில் லீக்ஸ் விதை டின்னைத் திறந்தே வைத்து, தாளில் மடித்து விற்கிறார்கள். மூடுபனிக் காலத்தில் விதை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், முளைப்புத்திறன் போய்விடும். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தாலே அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பநிலை 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அப்படித்தான்.

வெலிமடை பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள இந்தச் சிறிய கடையில் அலுமினியத் தாள் பைகளில் அடைத்த விதைகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கடைக்கார அக்கா பையைத் திருப்பி, முளைப்புச் சோதனைத் திகதியைக் காட்டிவிட்டுத்தான் பில் போடுகிறார். "லீக்ஸ் விதை சீக்கிரம் உயிர் விட்டுவிடும் தம்பி, இந்தப் போகத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். வீட்டுக்குப் போனதும் பையை வெட்டாதீர்கள், குளிர் விடட்டும். இல்லாவிட்டால் விதையில் நீர் கோர்க்கும்" என்றார். விற்பவரே குறைத்து வாங்கச் சொல்வதை வேறெங்கும் நான் கேட்டதில்லை. அங்கே வாங்கிய லீக்ஸ் விதை நாற்றுமேடையில் வரிசை விடுபடாமல் முளைத்திருக்கிறது.

விலை சற்று அதிகம், கொடுக்கலாம். ஆனால் போஞ்சி விதை மட்டும் இன்னும் வாசலோரச் சாக்கில், தரையில் கிடக்கிறது. அதையும் மூடிய வாளிக்கு மாற்றும்வரை போஞ்சியை அங்கே வாங்கமாட்டேன்.