சித்ரா பௌர்ணமியா, அக்டோபர் 2-ஆ?

கன்னியாகுமரிக்கு ஊரே வானம் பார்க்கத் திரளும் நாள்கள் இரண்டு. சித்ரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் மறைய, கிழக்கே கடலிலிருந்து நிலா எழுகிறது. பகவதி அம்மனைத் தொழுதுவிட்டு வருபவர்களுக்கு இது அருட்காட்சி. வானியலுக்கோ, சூரியனும் நிலாவும் பூமிக்கு எதிரெதிரே நிற்கும் நிலை. உண்மையில் எல்லாப் பௌர்ணமியிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. சித்திரைக்குத் தனிச்சிறப்பு தந்தது வழிபாடுதான். போகுமுன் பஞ்சாங்கம் பார்ப்பது நல்லது. திதி காலையிலேயே முடிந்துவிட்டால் சூரியன் மறைந்து சற்று நேரம் கழித்தே நிலா தலைகாட்டும். நிலா உதயம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதே காரணம்.

காந்தி மண்டபத்தில் கணக்கு முந்தியது, பக்தி அதைத் தொடர்ந்தது. 1948 பிப்ரவரி 12-இல் முக்கடலில் கரைக்குமுன் அஸ்தி வைக்கப்பட்ட இடத்தில், அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துளை வழியே வெயில் விழும்படி கட்டினார்கள். உச்சிப்பொழுது அன்று 12 மணிக்கு அல்ல. கடிகாரத்தில் ஏறத்தாழ 12.10. சூரியன் மார்ச் 11, 12 வாக்கிலும் இதே உயரத்துக்கு வருகிறது. அன்று எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை!

ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், என் ஓட்டு மண்டபத்துக்கே. மேகம் இரண்டையும் கெடுக்கும். ஆனால் அங்கே நாள், நேரம் எதுவும் மாறுவதில்லை.