மகனின் ஊசிக்கு வாங்கிய 8 லிட்டர் ஐஸ் பெட்டி

மலேசியாவில் எங்கள் ஊர்ப்பக்கம் சுங்கை சிப்புட்டில் பிளாஸ்டிக் சாமான் விற்கும் தவுக்கே (சீன முதலாளி) கடையில் 2020 ஜனவரியில் இந்த நீலப் பெட்டியை வாங்கினேன். 42 வெள்ளி (ரிங்கிட்). மீன் பிடிக்கப் போகிறவர்களுக்காக அடுக்கி வைத்திருந்தார்.

என் மகனுக்குக் குரோன்ஸ் நோய். குடலில் புண், வயிற்றுவலி, மலத்தோடு இரத்தம். மாத்திரையில் அடங்காததால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி போடுகிறோம். அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடும் ஆகாது, உறையவும் கூடாது. முதல் மாதம் மீன் கடை வெள்ளைப் பெட்டியில், கல்லாக உறைந்த ஐஸ் பேக் மேலேயே ஊசியை வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் எடுத்துப் பார்த்தால் உள்ளே மருந்து உறைந்து கிடந்தது. உருகினாலும் போடக்கூடாது என்று மிஸ்ஸி (நர்ஸ்) சொன்னதும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மறுநாளே இந்தப் பெட்டியை வாங்கினேன்.

இப்போது வைக்கும் முறை இது: அடியில் ஐஸ் பேக், அதன்மேல் நாலாய் மடித்த துண்டு, அதன்மேல் ஊசி அட்டைப் பெட்டியோடு. பக்கத்தில் வயர் வைத்த சின்னத் தெர்மோமீட்டர். அது பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் இந்தப் பெட்டியை நம்பாதீர்கள்.

மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பிறகு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். எங்கள் எஸ்டேட்டிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அதைப்போல மூன்று மடங்கு தூரம். ஊசியை நிறுத்திவிடு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து, கோவிட் பிடித்துக்கொள்ளும் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். என் மாமியாருக்கும் அதே பயம். போனில் டாக்டரிடம் கேட்டேன். நிறுத்தவே கூடாது என்றார். நிறுத்தினால் நோய் கிளம்பும், அடக்க ஸ்டீராய்டு கொடுக்க வேண்டி வரும், கோவிட் நேரத்தில் அந்த ஸ்டீராய்டுதான் அதிகக் கவலை என்று பொறுமையாக விளக்கினார். குடல் நோயுள்ள பிள்ளைகளுக்குக் கோவிட் வந்தாலும் பெரும்பாலும் லேசாகவே போகிறது என்று பல நாட்டு டாக்டர்களும் பார்த்து வருவதாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஏப்ரலில் ஊசி எடுத்துத் திரும்பும்போது சாலைத் தடுப்பில் நீண்ட வரிசை. 'கஞ்சில்' என்கிற பழைய சின்னக் கார், ஏர்கோன் கிடையாது, உச்சி வெயில். அப்பாயிண்ட்மெண்ட் கார்டைக் காட்டினேன். போலீஸ்காரர் பின்சீட்டில் இருந்த பெட்டியைப் பார்த்து, "உபாட் அனாக்?" (பிள்ளைக்கு மருந்தா?) என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றதும் திறக்கக்கூடச் சொல்லாமல் கையசைத்து விட்டார். வீடு வந்து பார்த்தேன். தெர்மோமீட்டரில் 6.

இன்னொரு நாள் சாயங்கால மழையில் கரண்டு போய் ஐந்து மணி நேரம் வரவில்லை. பிரிட்ஜிலிருந்து ஊசியை இதற்கு மாற்றினோம். 7க்கு மேல் ஏறவில்லை. பெட்டிக்கு நான் கொடுத்த காசு அன்றைக்கே திரும்பிவிட்டது.

குறையும் உண்டு. இரண்டாம் வருஷம் மூடியின் கீல் ஒருபக்கம் உடைந்தது, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். தண்ணீர் வடிக்கிற குமிழ் லேசாக ஒழுகும். மூடியின் ரப்பர் இறுகிவிட்டதால் அழுத்தித்தான் மூட வேண்டும். கடையில் வாங்கும்போதே ஒரு துண்டுக் காகிதத்தை மூடியிடுக்கில் வைத்து இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் வேறு பெட்டி எடுங்கள்.

ஊசி போடுவதற்கு அரைமணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வைப்போம், குளிர் விட்டால் வலி குறையும். பெட்டியைத் திறந்து எடுத்துத் தருவது அவன் வேலை. தெர்மோமீட்டரில் நம்பர் என்ன என்று உரக்கப் படித்துவிட்டுத்தான் ஊசியை என் கையில் கொடுப்பான்.