மூத்தோர் சொத்து: அண்மையில் வந்த சில இசைத் தொகுப்புகள்

2024-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் வெளியாகி அதிகம் பேசப்பட்ட இசைத் தொகுப்புகளில் பலவற்றுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. அவற்றைப் பாடியவர்கள் தமக்கு முந்தைய தலைமுறையினரிடம் ஏதோ ஒன்றைத் தேடிப் போயிருக்கிறார்கள். ஒருவர் கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புற மரபிசைக்கும், ஒருவர் தம் தீவின் நாட்டார் இசைக்கும், இன்னொருவர் 18-ஆம் நூற்றாண்டுக் கஜலுக்கும் போயிருக்கிறார். மரபைத் தொட்டுவிட்டாலே ஒரு தொகுப்புக்கு ஆழம் வந்துவிடும் என்று நம்புகிற விமர்சனங்கள் நிறையவே வருகின்றன; எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. வாங்கிய பழையது பாட்டின் எலும்போடு சேர்ந்ததா, அல்லது விழா மேடையில் போர்த்திய சால்வையாகத் தோளிலேயே நின்றுவிட்டதா என்பதைத்தான் கேட்கும்போது கவனிக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு கேள்வியை வைத்து எழுந்த தனிப்பட்ட கருத்துகள்.

மிகுதியாகப் பாராட்டப்பட்டதிலிருந்தே தொடங்கலாம். 2024 மார்ச் 29 அன்று வெளியான பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' 27 தடங்களும் ஏறத்தாழ 78 நிமிடங்களும் கொண்டது. அடுத்த ஆண்டு கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான விருதோடு, சிறந்த கன்ட்ரி தொகுப்புக்கான விருதையும் பெற்றது. வெள்ளையரின் இசை என்றே நெடுங்காலம் விற்கப்பட்டுவந்த கன்ட்ரியில் கறுப்பினத்தவருக்கு உள்ள உரிமையை நினைவூட்டுவது இதன் நோக்கம். அந்த நோக்கத்தில் குறைகாண எதுவுமில்லை. 'டெக்சஸ் ஹோல்டெம்' பாடலில் பாஞ்சோ என்ற தந்திக் கருவியை வாசித்திருப்பவர் ரியானன் கிடன்ஸ். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவோடு அமெரிக்கா வந்து சேர்ந்த அந்தக் கருவியின் வரலாற்றைப் பல்லாண்டுகளாக வாசித்தும் பேசியும் வருபவர் அவர் என்பதால், அவரை அழைத்ததே ஒரு வாதத்துக்குச் சமம்.

சிக்கல் கன்ட்ரியின் மூத்த பாடகர்களை நடத்தியிருக்கும் விதத்தில் இருக்கிறது. கன்ட்ரியின் புகழ்பெற்ற மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண்ணான லிண்டா மார்ட்டல் இதில் வருகிறார். ஆனால் பாட வரவில்லை, இசை வகைகளைப் பற்றி ஓரிரு வாக்கியங்கள் பேசிவிட்டுப் போகிறார். வில்லி நெல்சன் வானொலி அறிவிப்பாளராகிறார். டாலி பார்ட்டன் தமது 'ஜோலீன்' பாடலுக்கே முன்னுரை சொல்பவராகிறார். அந்த 'ஜோலீன்' பாடலை மாற்றி எழுதியிருப்பதும் எனக்கு ஏற்கவில்லை. மூலப் பாடலில் தன்னைவிட அழகான பெண்ணிடம் ஒருத்தி கணவனுக்காகக் கெஞ்சுகிறாள், அந்தக் கெஞ்சலின் நடுக்கம்தான் மெட்டையே தாங்கி நிற்கிறது. இங்கே அது மிரட்டலாகிவிட்டபோது அதே மெட்டு செய்வதற்கு வேலையின்றி நிற்கிறது. மாறாக 'யா யா' பாடலில், யாருடைய சான்றிதழும் தேவைப்படாத துள்ளலில், பியான்சே தாம் தேடிப்போன உரிமையை வாதாடாமலேயே எடுத்துக்கொள்கிறார். 'பாடிகார்ட்' பாடலையும் இதனோடு சேர்த்துக்கொள்வேன். இடையில் வரும் அறிவிப்புகளையும் துண்டுத் தடங்களையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நல்ல 50 நிமிடத் தொகுப்பு.

இதே வேலையை நேர்மாறான முறையில் செய்து வென்றிருப்பவர் புவேர்ட்டோ ரிக்கோவின் பேட் பன்னி. 2025 ஜனவரி 5 அன்று வெளியான 'தெபி திரார் மாஸ் ஃபோட்டோஸ்' என்ற இவருடைய தொகுப்பின் பெயருக்கு, இன்னும் நிறையப் படங்கள் எடுத்திருக்க வேண்டும் என்று பொருள். அட்டையில் மனிதர்கள் இல்லை, வாழை மரங்களின் முன்னே இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. முதல் பாடலான 'நுவேவாயோல்', எல் கிரான் கோம்போ என்ற புகழ்பெற்ற சல்சா குழுவின் பழைய பாடலொன்றின் துண்டோடு தொடங்குகிறது. அந்தத் துண்டு அலங்காரமாக நின்றுவிடாமல், அதன் மேலேயே ரெகேட்டோன் இசைக்குரிய டெம்போ (dembow) தாளம் ஏறி, பழைய பாடலும் புதிய பாடலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு முன்னே ஓடுகின்றன.

பிளேனா இசையைக் கையாண்டிருக்கும் முறைதான் இத்தொகுப்பின் உச்சம். பந்தேரெட்டா என்ற, கையில் பிடித்து அடிக்கும் ஒருமுகத் தோற்கருவிகள் மூன்று அளவுகளில் சேர்ந்து ஒலிப்பது பிளேனா. ஊர் நடப்பைப் பாட்டாகச் சொல்லிவந்ததால் அதற்குப் 'பாடப்படும் செய்தித்தாள்' என்றே ஒரு பெயர் உண்டு. 'கஃபே கோன் ரோன்' பாடலில் பிளேனா குழு ஒன்றை அழைத்து, அவர்களுக்குத் தம் பாட்டில் ஓர் இடம் ஒதுக்குவதற்குப் பதிலாக, அவர்களுடைய பாட்டுக்குள் தாம் போய் உட்கார்ந்துகொள்கிறார். 'பைலே இனோல்விடாப்லே' ஆறு நிமிடச் சல்சா. அதில் வாசித்திருப்பவர்கள் இசைப் பள்ளி மாணவர்கள். மூத்தோருக்கு மரியாதை செய்வதாகச் சொல்லிக்கொண்டு மூத்தோரையே மறுபடி மேடையேற்றுவதைவிட, அந்த இசையை இன்று கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் கையில் கருவியைக் கொடுப்பது மேலான மரியாதை என்று நினைக்கிறேன். தொடக்கத்தில் தயங்கித் தயங்கி நகரும் மின்னணு ஒலி, பித்தளைக் கருவிகள் உள்ளே நுழைந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு எழுவதை நல்ல ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும்.

தம் தீவும் ஹவாயைப் போல ஆகிவிடும், கடற்கரையும் ஆறும் வெளியாரிடம் போய்விடும் என்று அஞ்சும் 'லோ கே லே பாசோ அ ஹவாய்' பாடல் அரசியல் பாட்டு எப்படி இருக்கலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு. குய்ரோ என்ற சுரைக்காய்க் கருவியின் சுரண்டல் ஒலியும் தாழ்ந்த குரலும் மட்டுமே அதிகமும் கேட்கின்றன. முழக்கத்துக்கு இடமே இல்லை. ஒரு குறையும் சொல்ல வேண்டும். 17 பாடல்களில் நடுப்பகுதியில் வரும் 'பொகெட்டே', 'க்ளூஃப்ரென்ஸ்' போன்ற காதல் முறிவுப் பாட்டுகள் இவர் முந்தைய தொகுப்புகளிலேயே பாடித் தீர்த்தவை. அவற்றைத் தாண்டி வருவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அரூஜ் அஃப்தாப் தேடிப்போன இடம் இன்னும் பழையது. பாகிஸ்தானியப் பாடகியான இவரின் 'நைட் ரெய்ன்', 2024 மே மாத இறுதியில் வெளியானது, ஒன்பது பாடல்கள். இவற்றுள் 'நா குல்', 'சாக்கி' ஆகிய இரண்டும் மஹ் லகா பாய் சந்தாவின் கவிதைகள். 1768-இல் பிறந்து ஹைதராபாத் நிஜாமின் அவையில் வாழ்ந்த மஹ் லகா, தம் உருதுக் கஜல்களைத் தனித் தொகுதியாகக் கண்ட முதல் பெண் கவிஞர்களில் ஒருவர். கஜலை அறிந்தவர்கள் எதிர்பார்க்கும் ஆர்மோனியமும் தபலாவும் இங்கே பின்வாங்கிவிட, யாழும் கிதாரும் டபுள் பாஸும் பியானோவும் அந்த இடத்தை நிரப்புகின்றன. நிரப்புகின்றன என்பதும் சரியில்லை. பாதி இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள். இவருடைய குரல் மேலே ஏறிக் காட்டுவதில்லை, கமகங்களை அடுக்கித் திறமை காட்டுவதுமில்லை. கீழ்ச் சுரங்களிலேயே நின்று, ஒரு சொல்லை நீட்டிய பின் அடுத்த சொல்லுக்கு அவசரப்படாமல் காத்திருக்கிறது.

'ராத் கி ராணி' பாடலில் அந்தக் குரலின் மேல் ஆட்டோடியூன் மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கிறது. மரபுப் பற்றாளர்கள் முகம் சுளிக்கக்கூடிய இடம் இது. எனக்கோ தொகுப்பின் மிகத் துணிவான முடிவாகத் தோன்றுகிறது, ஏனெனில் பிழையை மறைக்கும் கருவியாக நாம் அறிந்த ஒன்று இங்கே குரலின் விளிம்பைச் சற்றே கலங்கச் செய்து இரவின் மயக்கத்தைக் கூட்டுகிறது. ஆங்கிலத்தில் பாடிய 'விஸ்கி' பாடலும் தொகுப்போடு ஒட்டிப்போகிறது. பலரும் பாடித் தேய்ந்த ஜாஸ் பாடலான 'ஆட்டம் லீவ்ஸ்' பாடலைப் பாஸின் அடியொலி மேல் கிட்டத்தட்ட அச்சமூட்டும் ஒன்றாக மாற்றியிருப்பது சுவைக்கத்தக்கது. 'சாக்கி' பாடலில் பியானோ வாசிக்கும் விஜய் ஐயர் 2023-இல் இவரோடு சேர்ந்து 'லவ் இன் எக்சைல்' செய்தவர்; அந்தப் பழக்கம் இங்கே ஒருவர் மற்றவருக்கு விட்டுத்தரும் இடைவெளிகளில் தெரிகிறது. குறைந்த ஒலியில் பின்னணியாக ஓடவிட்டால் இந்தத் தொகுப்பு வெறும் இதமான இசையாகச் சுருங்கிவிடும். வேறு வேலை இல்லாத நேரத்தில் கேட்பதே நல்லது.

ராப் பக்கம் கென்ட்ரிக் லமாரின் 'ஜிஎன்எக்ஸ்' முன்னறிவிப்பே இல்லாமல் 2024 நவம்பர் 22 அன்று வந்தது. 12 பாடல்கள், 44 நிமிடங்கள். மெக்சிக்க மரபிசையான மரியாச்சியின் பாடகி தெய்ரா பரேராவின் குரல் முதல் பாடலின் வாசலிலேயே நம்மை நிறுத்துவது அழகு, எனினும் அதற்குமேல் அந்த மரபோடு லமாருக்கு இங்கே பெரிய உரையாடல் எதுவும் இல்லை. மறைந்த ராப் பாடகர் டூபாக்கின் பழைய இசைத்துண்டின் மேல் கட்டிய 'ரீஇன்கார்னேட்டட்' வேறு கதை: ஒரு கிதார் கலைஞனாக, ஒரு பாடகியாக, கடைசியில் தானாக என்று பிறவிகளைக் கடந்துவரும் அந்தப் பாட்டில், இறந்தவரின் இசைக்குள்ளிருந்தே பேசுவது கருத்தாகவும் வடிவமாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. மற்றவை காருக்கு ஏற்ற நல்ல தாளங்கள், அவ்வளவே. அதே ஆண்டு ஜூனில் வந்த சார்லி எக்ஸ்சிஎக்ஸின் 'பிராட்' இரவு விடுதி இசையின் இரைச்சலோடு அறியப்பட்டாலும், மறைந்த தயாரிப்பாளர் சோஃபியை நினைத்துப் பாடிய 'ஸோ ஐ' என்ற பாடலுக்காகவே அதை நான் வைத்திருப்பேன். நட்பு கேட்டவரிடம் ஒதுங்கி நின்றதை எந்த அலங்காரமும் இல்லாமல் அது ஒப்புக்கொள்கிறது.

பிரிட்டனின் ராக் குழுவான தி க்யூருக்கோ தேடிப்போக வேறு மூத்தோர் இல்லை, அவர்களே மூத்தோர். 2008-க்குப் பின் 16 ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 1 அன்று வந்த 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' எட்டே பாடல்கள் கொண்டது. பிரிட்டனில் முதலிடத்தையும் பிடித்தது. இவர்களுக்கு 1992-க்குப் பிறகு கிடைக்காத இடம் அது. முதல் பாடலான 'அலோன்' பாடலில் குரல் வர மூன்று நிமிடங்களுக்குமேல் ஆகிறது. 10 நிமிடம் தாண்டும் இறுதிப் பாடலான 'எண்ட்சாங்' பாடலிலோ ஆறு நிமிடங்களுக்குமேல் காத்திருக்க வேண்டும். முப்பது விநாடிக்குள் கேட்பவரைப் பிடிக்காவிட்டால் தாவிவிடுவார் என்ற அச்சத்தில் பாட்டுகள் செய்யப்படும் காலத்தில் இந்த மிடுக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த நீண்ட முன்னிசையில் டிரம்மும் பாஸும் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்க, ஒவ்வொரு சுற்றிலும் கிதாரோ கீபோர்டோ மேலும் ஓர் அடுக்கைச் சேர்க்கிறது. குரல் வரும்போது அது பேசவேண்டியது ஏற்கெனவே பாதி பேசப்பட்டுவிட்டிருக்கிறது. வயது அறுபதைத் தாண்டிய பாடகர் ராபர்ட் ஸ்மித்தின் குரல் பழைய தொகுப்புகளில் கேட்டதிலிருந்து அதிகம் மாறவில்லை என்பதே ஒரு வியப்பு. தம் அண்ணனின் இறப்பை 'ஐ கேன் நெவர் ஸே குட்பை' என்ற பாடலில் அவர் பாடும்போது, இளமையில் பாவனையாகவும் கேட்கக்கூடிய அதே துயரக் குரல் இப்போது தனக்குரிய பொருளை வந்தடைந்திருக்கிறது. 'ட்ரோன்:நோட்ரோன்' மட்டும் இந்த வரிசையில் அந்நியமாக உறுத்துகிறது. பெத் கிப்பன்ஸின் 'லைவ்ஸ் அவுட்குரோன்' தொகுப்பையும் இதையடுத்துக் கேட்கலாம். முதுமையையும் பிரிவையும் பற்றியதே அதுவும், ஆனால் குரலை முன்னே வைத்து, பத்துப் பாடல்களில், இன்னும் நெருக்கத்தில் பேசுகிறது.

கடைசியாகச் சபாகா ஹட்சிங்ஸ். சன்ஸ் ஆஃப் கெமட் என்ற ஜாஸ் குழுவில் சாக்சபோனால் அரங்குகளை அதிரவைத்தவர், 2023 முடிவோடு அக்கருவியை ஒதுக்கிவைத்துவிட்டு ஜப்பானிய சாகுஹாச்சி உள்ளிட்ட குழல்களுக்கு மாறி, 2024 ஏப்ரலில் 'பர்சீவ் இட்ஸ் பியூட்டி, அக்னாலெட்ஜ் இட்ஸ் கிரேஸ்' வெளியிட்டார். ஜாஸ் சாக்சபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1964-இல் 'எ லவ் சுப்ரீம்' பதிவுசெய்த அதே வான் கெல்டர் ஒலிப்பதிவுக்கூடத்தில்தான் இதையும் பதிந்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் சாக்சபோனைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுக் குழல்களை முன்னே வைப்பது என்ற முடிவில் ஒரு குறும்பும் ஒரு பணிவும் சேர்ந்திருக்கின்றன. காற்று குழலுக்குள் ஒலியாக மாறுவதற்கு முன் எழும் மூச்சின் சத்தம் பதிவில் தெளிவாக விழுந்திருப்பது நன்று. பிராண்டி யங்கரின் யாழோடு குழல் மட்டும் பேசும் இடங்களில் இசை தானே போதுமானதாக இருக்கிறது. விருந்தினர்கள் ஒவ்வொருவராகப் பாடவும் ராப் செய்யவும் வரும்போது, கூர்ந்து கேட்கப் பழகிய காது மறுபடி சொற்களைத் தேடப் போய்விடுகிறது. அவர்களில் பாதிப்பேரைக் குறைத்திருக்கலாம். சபாகாவின் தந்தை அனும் இயாபோ கவிதை சொல்லும் இறுதித் தடத்தை மட்டும் குறைக்கச் சொல்லமாட்டேன்: மகன் இங்கே தந்தையை முன்னுரைக்கு அழைக்கவில்லை, முடிவையே அவரிடம் விட்டுவிட்டுப் பின்னால் நின்று ஊதுகிறார்.