பச்சைக் கோடும் புதுத் திரையும்

வாங்கிய 11ஆவது மாதத்தில் மடிக்கணினித் திரையின் வலது ஓரத்தில் மயிரிழை போல ஒரு பச்சைக் கோடு விழுந்தது. எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியை இணைத்தேன். அதில் கோடு இல்லை. ஆக, பழுது திரையில்தான்.

சேவை மையத்தில் எடுத்த எடுப்பிலேயே, "எங்கோ அழுத்தியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது" என்றார்கள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கீறலோ விரிசலோ இருந்தால் காட்டுங்கள் என்றேன். இளம் டெக்னீஷியன் ஒருவர் விளக்கொளியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அடிபட்ட தடமே இல்லை சார்" என்று படிவத்தில் எழுதினார். அந்த நேர்மைக்காகவே இதை எழுதுகிறேன்.

9 நாளில் புதுத் திரை. ஒரு ரூபாயும் வாங்கவில்லை. திரையைச் சுற்றிய ஓரச் சட்டத்தின் கொக்கிகளை அந்த டெக்னீஷியன் கட்டைவிரலால் அழுத்தி, ஒவ்வொன்றும் 'டக்'கென்று விழுந்த பிறகே அடுத்ததற்குப் போனார். பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள். ரசீதை மறக்க வேண்டாம்.