வாய்க்கால் கரையா, சென்னிமலையா: மார்கழி லாங் ரன் எங்கே ஓடலாம்?

பிப்ரவரியில் 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்கு ஐந்து பேர் சேர்ந்து பேர் கொடுத்துவிட்டோம். அதற்குள் நாலைந்து ஞாயிற்றுக்கிழமையாவது 25 கிலோமீட்டர் ஓடிப் பழக வேண்டும். ஈரோட்டிலிருந்து விடியும் முன்பே போய்ச் சேர எங்களுக்கு வசதியாக இருந்தவை இரண்டு: சென்னிமலை, கீழ்பவானி வாய்க்கால் கரை. கோவைப் பக்கம் மலைக்கு என்ன குறைச்சல் என்று கேட்பீர்கள். அது யானைக் காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. வெள்ளியங்கிரிக்கும் பிப்ரவரி முதல் மே வரைதான் விடுவார்கள்.

சென்னிமலைக்கு 1320 படி. 1984-ல் இரட்டை மாட்டு வண்டியே ஏறிய படி என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் சனங்கள் வெறுங்காலில் சாமி கும்பிட ஏறுகிற படியில் ஷூவோடு தடதடவென்று ஓட எங்களுக்கே மனசு ஒப்பவில்லை. அதனால் வண்டிப் பாதையைப் பிடித்தோம். ஏற சுமார் 4 கிலோமீட்டர். மூன்று தடவை ஏறி இறங்கினால் 24.

மூச்சுக்கும் தொடைக்கும் இதைவிட நல்ல பயிற்சி பக்கத்தில் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். சிக்கல் இறக்கத்தில்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது, செவ்வாய்க்கிழமைதான் தெரியும். எங்களில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அண்ணன் அந்தச் செவ்வாய் மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கி வந்தார். பாதையும் தார் ரோடு. மண்ணில் கால் வைத்துப் பழகத்தானே கிளம்பினோம்?

இன்னொரு குறை, கூட்டம் சிதறிவிடுவது. முதல் ஆள் உச்சியைத் தொடும்போது கடைசி ஆள் (பெரும்பாலும் நான்) பாதி வழியில் இருப்பேன். இரண்டாவது சுற்றில் எதிரும் புதிருமாகப் பார்த்து ஒரு கையசைப்பு. கூட்டாளிகளோடு ஓடப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து மூன்று மணி நேரம் தனியாக மூச்சு வாங்கினேன்.

வாய்க்கால் கரைக்கு வருவோம். பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் போகிறது, நம் 25 அதில் ஒரு துண்டு. சமமட்டத்தை ஒட்டி வெட்டிய வாய்க்கால் என்பதால் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மலைப் போட்டிக்குத் தயாராகிறவனுக்கு இது பெரிய குறைதான். மற்றபடி செம்மண், அங்கங்கே சரளை, பனியில் நனைந்த புல். வாய்க்காலை மண் கரையாகவே விடுவதா, கான்கிரீட் போடுவதா என்ற சண்டையில் எங்கள் ஓட்டு மண் கரைக்குத்தான், முட்டியை உத்தேசித்து.

எங்களுக்குப் பிடித்துப்போனது அங்கே நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு. ஐந்து மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவது. ஆறரைக்கு யார் எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்பிவிடுவது. வேகமாகப் போனவர் தூரமாகப் போயிருப்பார், நான் பக்கத்திலேயே திரும்பியிருப்பேன். போன வேகத்திலேயே வந்தால் எட்டு மணிக்கு ஏறக்குறைய எல்லோரும் வண்டிக்குப் பக்கத்தில் இருப்போம். கடைசி இரண்டு கிலோமீட்டரில் முன்னால் போனவர்கள் பின்னாலிருந்து வந்து ஒட்டிக்கொள்வார்கள். “ஏனுங்ணா, இன்னும் இங்கியேதான் இருக்கறீங்களா?” என்று எங்கள் ஐந்து பேரில் ஒருவரான பல் டாக்டர் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேயும் தொந்தரவு உண்டு. விடிய ஆறரை ஆகிறது, அதுவரை நெற்றி விளக்கு வேண்டும். விளக்கைப் பார்த்தால் தோட்டத்து நாய்கள் சும்மா விடாது. ஓட்டத்தை நிறுத்தி நடந்தால் அடங்கிவிடும். தண்ணீர் ஓடும்போது முகம் கழுவக்கூட இறங்காதீர்கள், சரிவு வழுக்கும், இழுப்பும் அதிகம். வழக்கமாக டிசம்பர் நடுவில் தண்ணீரை நிறுத்தி ஜனவரி முதல் வாரத்துக்குமேல் திரும்பத் திறப்பார்கள். அப்புறம் வேலிகாத்தான் முள். போன வாரம் ஒன்று ஷூவின் அடியைத் துளைத்து என் குதிகாலில் ஏறி நுனி ஒடிந்து நின்றுவிட்டது. பல் டாக்டரிடம் இடுக்கி இல்லை. பழைய போட்டி நம்பரைக் குத்தியிருந்த ஊக்கு ஒருத்தர் பையில் கிடந்தது. அதை வைத்து, செல்போன் வெளிச்சத்தில், மதகுத் திட்டில் உட்கார்ந்து டாக்டரே கிளறி எடுத்தார்.

கொல்லிமலைக்குப் போகலாம் என்று மண்டி அண்ணன் ஒவ்வொரு வாரமும் சொல்கிறார். 70 கொண்டை ஊசி வளைவு, நினைத்தாலே ஆசைதான். ஆனால் இருட்டில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், ஓடிய காலோடு திரும்பவும் ஓட்டி வர வேண்டும். மாதத்துக்கு ஒருதரம் சரி, வாராவாரம் ஆகாது.

ஆக மூன்று ஞாயிறு வாய்க்கால், போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் ஒரே ஒரு ஞாயிறு சென்னிமலை. அதுவும் இரண்டு தடவை ஏறினால் போதும் என்று பேசி வைத்திருக்கிறோம். மண்டி அண்ணன், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ஏலத்துக்கு வர முடியாது என்று இப்போதே சொல்லிவிட்டார்.