கல்யாணத்துக்காகப் பழைய ஃபிலிம் கேமரா சாமான் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் பழைய கேமரா விற்கும் ஒரு கடையில் 85 எம்.எம். லென்ஸ் ஒன்று, ஃப்ளாஷ் ஒன்று, கொஞ்சம் ஃபிலிம் சுருள்கள் வாங்கினேன். மூன்றைப் பற்றியும் கடைக்காரர் என்னிடம் சொன்னது பொய். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரும்வரை கடையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் ஃபிலிம் மறுபடி ஃபேஷனாகிவிட்ட இந்த நேரத்தில் இதே வேலையை இன்னும் பலர் செய்யக்கூடும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

கல்யாணம் கும்பகோணத்தில், நண்பனுக்கு. டிஜிட்டலில் எடுக்க ஒரு டீம் தனியாக இருந்தது. "நீ உன் எஃப்.எம்.2-ஐ எடுத்துட்டு வாடா, நாலு ஃபிலிம் படம் இருந்தா போதும்" என்றான் (என்னுடைய பழைய நிக்கான் ஃபிலிம் கேமரா அது). 35 எம்.எம். லென்ஸ் கையில் இருந்தது. ஆனால் முகூர்த்த நேரத்தில் வீடியோக்காரர்கள் மணமேடைக்கு முன்னால் சுவர் கட்டியதுபோல் நின்றுவிடுவார்கள், ஓரத்தில் ஒதுங்கி நின்று முகத்தை மட்டும் பிடிக்க 85 வேண்டும். முகூர்த்தம் விடிவதற்கு முன்பே என்பதால் ஃப்ளாஷும் வேண்டும்.

முதலில் ஃபிலிம், ஏனென்றால் பெரிய ஏமாற்று அதில்தான். "500 ஏ.எஸ்.ஏ. சார், மண்டப வெளிச்சத்துக்குன்னே வந்தது, எந்த லேபிலும் கழுவலாம்" என்றார் கடைக்காரர். (ஏ.எஸ்.ஏ. என்பது ஃபிலிமின் 'வேகம்', அதாவது ஒளியுணர்வு.) டப்பாவில் அவர்களே ஒட்டிய ஸ்டிக்கர். உண்மையில் அது கோடாக் விஷன்3 500T, சினிமா ஃபிலிம். பெரிய சுருளிலிருந்து வெட்டி, பழைய காலி டப்பாக்களில் சுற்றி விற்கிறார்கள். அதில் தவறில்லை, அருமையான ஃபிலிம், சொல்லி விற்றால் நானே வாங்குவேன். ஆனால் நான் வாங்கிய சுருள்களின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருந்தது. அதை நீக்கி, சினிமா ஃபிலிமுக்கான ஈ.சி.என்-2 முறையில் கழுவ வேண்டும். சாதாரணக் கலர் ஃபிலிம் கழுவும் சி-41 மெஷினில் விட்டால் கரி உரிந்து கெமிக்கல் முழுவதையும் கெடுத்துவிடும், அதற்குப் பின் வரும் மற்றவர்கள் சுருள்களையும் சேர்த்து. நான் வழக்கமாகக் கொடுக்கும் லேப்காரர் டப்பாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியைத் திருப்பிப் பார்த்ததுமே, "அண்ணே, மன்னிச்சுக்கங்க, இதை உள்ளே விட மாட்டேன்" என்று கையில் கொடுத்துவிட்டார். வெளியூரில் இதற்கென்றே இருக்கும் ஒரு லேபுக்கு அனுப்பிக் காத்திருந்துதான் படத்தைப் பார்த்தேன்.

பார்த்தால் நிறம் இன்னொரு கதை. அந்த ஃபிலிம் 3200 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்துக்குச் சமன் செய்யப்பட்டது. ஃப்ளாஷ் வெளிச்சமோ பகல் நிறம். '85' என்ற ஆரஞ்சு நிற ஃபில்டர் (லென்ஸின் 85 வேறு) போடாமல் ஃப்ளாஷில் எடுத்தால் ஆட்கள் நீலமாக வருவார்கள், ஃபில்டர் போட்டால் வேகம் 320 ஆகக் குறையும். ஃப்ளாஷையும் இதையும் ஒரே பில்லில் போட்டவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பத் தயாராக இல்லை. இன்னொன்று: டப்பாவில் இருந்த டி.எக்ஸ். கட்டங்கள் (கேமரா தானாக வேகத்தைப் படிக்க உதவும் குறியீடு) 200 வேகத்துக்கானவை. என் கேமராவில் வேகத்தைக் கையால்தான் வைக்க வேண்டும், அதனால் தப்பித்தேன். தானாகப் படிக்கும் கேமரா வைத்திருப்பவர்கள் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.

ஃப்ளாஷ், விவிடார் 283. எழுபதுகளில் வந்த மாடல், நல்ல நிலையில் கிடைத்தால் இன்றைக்கும் உழைக்கும். (பழைய 283-களில் கேமராவின் தொடர்புமுனைக்குப் போகும் ட்ரிக்கர் வோல்டேஜ் 200-க்கு மேல் போகும், டிஜிட்டல் கேமராவில் தயவுசெய்து மாட்டாதீர்கள்.) கடைக்காரர் கையில் பிடித்துப் பொத்தானை அழுத்தி ஒரு மின்னல் காட்டினார். "செக் பண்ணியாச்சு சார்." அந்த மின்னல் பல்பு எரிகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து ஃப்ளாஷை நிறுத்தும் முன்பக்க சென்சார் செத்திருந்தது, அதனால் ஆட்டோவில் வைத்தாலும் ஒவ்வொரு முறையும் முழு பலத்தில்தான் அடித்தது. இதன் கைடு நம்பர் (பலத்தைச் சொல்லும் எண், தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய எஃப் எண் வரும்) 100 வேகத்தில் மீட்டர் கணக்கில் சுமார் 36, 500 வேகத்தில் 80. மூன்று மீட்டர் தூரத்தில் முழு பலம் என்றால் எஃப்/27 வைக்க வேண்டும். ஆட்டோவை நம்பி நான் வைத்திருந்தது எஃப்/5.6. நான்கு ஸ்டாப்புக்கு மேல் அதிகம், ஒவ்வொரு ஸ்டாப்பும் இரண்டு மடங்கு வெளிச்சம்! நெகட்டிவ் ஃபிலிம் எவ்வளவோ தாங்கும், ஆனால் கூறைப்புடவைச் சரிகையும் நெற்றிச்சுட்டியும் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டன. ஹோமப் புகை வந்த படங்களில் புகை மட்டும்தான் இருக்கிறது.

அதைவிடக் கொடுமை, முழு பலத்தில் அடித்தால் மறுபடி சார்ஜ் ஏற நேரமாகும். கெட்டிமேளம் ஆரம்பித்ததும் ஒன்று அடித்தேன். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டு, நாத்தனார் மற்ற இரண்டையும் போட்டு, அட்சதையும் விழுந்து முடிந்த பிறகுதான் சார்ஜ் ஏறிவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

இந்த வகை ஃப்ளாஷைக் கடையிலேயே சோதிக்க ஒரு வழி: ஆட்டோவில் வைத்துப் பக்கத்துச் சுவரில் ஒருமுறை, பிறகு தெருப்பக்கம் தூரமாக ஒருமுறை அடித்துப் பாருங்கள். பக்கத்தில் அடிக்கும்போது வெளிச்சம் சின்னதாக இருந்து உடனே மறுபடி தயாராக வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கேமரா ஷட்டர் திறந்திருக்கும் அதே நேரத்தில் அடிக்கிறதா என்று பார்க்க, ஃபிலிம் போடாமல் பின்மூடியைத் திறந்து, லென்ஸை முழுதாகத் திறந்து வைத்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து அடிக்க வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் முழு வட்டமாக ஒளி தெரியும். ஃபிலிம் செலவே இல்லை.

லென்ஸ் பற்றிச் சுருக்கமாக. "உள்ளே வரை க்ளீன் பண்ணியது" என்றார்கள். கடையின் டியூப்லைட்டில் பளிச்சென்றுதான் இருந்தது. பூஞ்சையைத் துடைத்திருக்கிறார்கள், ஆனால் அது அரித்த கண்ணாடி அப்படியே இருக்கிறது. எதிரே வீடியோ லைட் வந்ததும் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. கடற்கரை ஊர்களில் வாங்கும் லென்ஸ் எதுவானாலும் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். டார்ச் அடிக்க விடாத கடையில் லென்ஸ் வாங்கத் தேவையில்லை.

'முன்னாலேயே ஒரு சுருள் எடுத்துப் பார்க்க வேண்டியதுதானே' என்று கேட்பீர்கள். எடுத்தேன். லென்ஸும் ஃப்ளாஷும் சேர்த்து, வீட்டுக்குள்ளேயே. "எங்ககிட்டயே குடுங்க, ஃப்ரீயா கழுவித் தர்றோம்" என்று அந்தக் கடையே வாங்கிக்கொண்டது. கல்யாணத்துக்கு முன் வாட்ஸப்பில் கேட்டபோது, "சூப்பரா வந்திருக்கு சார், ஸ்கேன் அனுப்பறேன்" என்றார்கள். வரவில்லை. கல்யாணம் முடிந்து நேரில் போய் நெகட்டிவைக் கேட்டேன். கடைப்பையன் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான் கொடுத்த அதே சுருள், கழுவாமலேயே.

கடைக்காரரிடம் காட்டினால், "பிசியில மறந்திருப்பாங்க சார், வேணும்னா வேற ஐட்டம் மாத்திக்கங்க, பணம் ரிட்டன் கிடையாது" என்றார். பில் தரவில்லை, "எஸ்டிமேட்" என்று ஒரு துண்டுச் சீட்டு மட்டும். பணம் கட்டிய யு.பி.ஐ. பதிவும் 'சூப்பரா வந்திருக்கு' என்று வாட்ஸப்பில் அவர்கள் அனுப்பிய குரல் செய்தியும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைத்தான் புகாரோடு சேர்த்திருக்கிறேன். 1915-ல் தீரவில்லை என்றால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதே கடையில் இதே ஸ்டிக்கர் ஒட்டிய சுருள் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், டப்பாவின் படத்தையும் அனுப்புங்கள்.